வராத இரண்டு நாள்

லோசனாவுக்கு மட்டும் பேநவ் கிடையாது.
மற்ற பதினொரு பிள்ளைகளின் கட்டணம்
முதல் தேதி இரவுக்குள்
கைப்பேசியில் டிங்கென்று விழுந்துவிடும்.
அவளுடையது கடிதமாக வரும்:
வழித்தடம், கிலோமீட்டர்,
ஒப்புதல் தந்தவரின் கிறுக்கல்.
பயணி என்ற கட்டத்தில்
பெயர்கூட இல்லை, ஒரு குறியீடு.

பள்ளி புக்கிட் பாத்தோக்கில். அது மாறவில்லை.
அம்மா வீடு பள்ளிக்கு எதிரிலேயே இருந்ததாம்,
என் வண்டி தேவைப்படாத காலத்தில்.
பிறகு உட்லண்ட்ஸ்.
பிறகு ஈசூன், நான்கு மாதம்.
இப்போது செங்காங், எமில்டா அக்கா வீடு.

"பக்கத்துப் பள்ளியிலேயே சேர்த்துடலாமே"
என்றேன் ஒருமுறை, டீசல் விலையை நினைத்து.
தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டியபடி
எமில்டா அக்கா சொன்னார்:
"தலையணை மாறிடுச்சு,
சோப்பு வாசனை மாறிடுச்சு,
கூப்பிடுற பேரே மாறிடுச்சு.
அந்த டீச்சராவது இருக்கட்டும் தம்பி."

ஐந்து ஐம்பதுக்கு ஏறுவாள்.
ஹில்வியூ வரும்வரை வேறு பிள்ளை இல்லை,
நானும் உதவியாளர் ரோஸ்னா அக்காவும் அவளும்தான்.
சாளரத்துக்கு வெளியே மண்டாய்க் காடு
கறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும்.
அவள் தூங்குவாள், பைவாரை
மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு.
முதல் நாள் கழற்றப் போன ரோஸ்னா அக்கா
அதற்குப் பிறகு தொடுவதில்லை.

செங்காங்குக்கு அவள் மாறிய வாரம்
பழைய ஒப்புதல் செல்லாது என்றார்கள்.
தூரம் கூடிவிட்டது, புதிய கடிதம் வேண்டும்.
எப்போது வரும்?
"பார்த்துட்டிருக்கோம் அங்கிள்."
நான் கணக்குப் போட்டேன்.
இருபத்தேழு கிலோமீட்டர், ஒரே பிள்ளை,
வண்டித் தவணை பத்தாம் தேதி.
போகவில்லை.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை.
இரண்டாம் நாள் எட்டு மணிக்கு
பள்ளிக்கு எதிர்க் கடையில்
கோப்பி-ஓ ஊதிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன்.
எம்ஆர்டி பக்கமிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்,
ஒரே குடை, அதுவும் பாதி மடங்கியது.
தாமதப் புத்தகத்தில் எமில்டா அக்கா
கையெழுத்துப் போட்ட நேரத்தில்
லோசனா திரும்பினாள்.
என் வண்டியைக் கண்டுகொண்டாள்.
கை ஆட்டினாள்.

வழி தவறிப் போன ஒன்று
கிடைத்துவிட்டது போல ஆட்டினாள்.

மறுநாள் போனேன்.
இரக்கம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
கோப்பி இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது,
முன்தேதியிட்டு, மொத்தத் தொகையாக.
அவள் இடம் மாறிய நாளிலிருந்தே கணக்கு.
போகாத இரண்டு நாளும் அதற்குள் இருந்தன.
அறுபத்து நான்கு வெள்ளி.
யாரும் கேட்கப் போவதில்லை.
ஏழு வாரக் காத்திருப்புக்கு
வட்டி என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.
அப்படித்தான் வைத்திருந்தேன், மூன்று வாரம்.
பின்சக்கரம் ஒன்றும் மாற்ற வேண்டியிருந்தது.

ரோஸ்னா அக்கா எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்,
காசு அப்படியே தங்கியிருக்கும்.

கூடுதல் தொகையைத் திருப்பித் தரவும்
ஒரு படிவம் இருக்கிறது.
காரணத்துக்கு நான்கு கட்டம்:
பிள்ளை வரவில்லை.
பள்ளி விடுமுறை.
வாகனக் கோளாறு.
மற்றவை.
ஓட்டுநர் வரவில்லை என்பதை
யாரும் யோசித்திருக்கவில்லை.
மற்றவையில் குறியிட்டு
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்:
பிள்ளை காத்திருந்தது. நான் போகவில்லை.

நேற்று அழைப்பு வந்தது, சின்னக் குரல்,
வேலைக்குப் புதிதாக இருக்கும்.
"அங்கிள், மற்றவைன்னு போட்டா
கணினி ஏத்துக்க மாட்டேங்குது.
வாகனக் கோளாறுன்னு மாத்திடட்டுமா?
உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது."

முன்கண்ணாடியில் பார்த்தேன்.
கடைசிப் பிள்ளையாக அவள் மட்டும்,
மாலை வெயில் கன்னத்தில் விழ,
வார் மணிக்கட்டில் ஒரே ஒரு சுற்று.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, என்றேன்.